உங்கள் வீட்டில் இருப்பது பன்னீர் ரோஜாதானா?

பன்னீர் என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் வாங்க முடியாது. திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தருவது பன்னீர் இலையில். அந்த மரத்துக்கும் ரோஜாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் கறுப்புத் திராட்சைக்கும் பன்னீர் திராட்சை என்றுதான் பெயர். மணமாக ஏதாவது இருந்தால் பன்னீர் என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நம் வழக்கம். ரோஜாவிலும் அதேதான் நடக்கிறது. நர்சரியில் 'பன்னீர் ரோஸ் இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பிங்க் நிறத்தில் பூக்கும் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து, பூவில் வாசமே இல்லையே என்று நாம் உரத்தையும் தண்ணீரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

வாசம் உரத்தில் இருந்து வருவதில்லை. செடி எந்த ரகம் என்பதில்தான் முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. அதனால் வளர்ப்பைப் பேசுவதற்கு முன்னால் அடையாளத்தைப் பேசிவிடலாம்.

எட்வர்ட் என்பவர் யார்?

தமிழ்நாட்டுச் சமவெளியில் மாலைக்கும் குல்கந்துக்கும் உதிரிப்பூவாக விளைகிற பிங்க் ரோஜாவுக்குத் தோட்டக்கலைக்காரர்கள் சொல்லும் பெயர் எட்வர்ட் ரோஜா. பன்னீர் ரோஜா என்று நாம் தேடுவது இதைத்தான். நிலக்கோட்டைப் பக்கம் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருவதும் இதுதான். எந்த இங்கிலாந்து மன்னருக்கும் இதில் பங்கில்லை. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு ரோஜாவால் வேலி போடுவார்கள். இருமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க, இரண்டும் கலந்து தானாக ஒரு நாற்று முளைத்தது. அது கவனத்துக்கு வந்தது 1810-களின் கடைசியில். அங்கிருந்த எடுவார் பெரிஷோன் பெயரால் அதை 'ரோஸ் எடுவார்' என்றார்கள். நம் ஊருக்கு வந்ததும் எடுவார் எட்வர்ட் ஆகிவிட்டார்.

இந்தப் பிறப்புக் கதையில் வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று உண்டு. டமாஸ்கிடமிருந்து மணம் வந்தது. சீன ரோஜாவிடமிருந்து வருஷம் முழுக்கப் பூக்கும் குணம் வந்தது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பூப்பதைக் கட்டுப்படுத்தி நிறுத்தும் ஒரு மரபணு உண்டு. சீன ரோஜாவில் அது பழுதாகிக் கிடக்கிறது. நிறுத்த ஆள் இல்லாததால் ஒவ்வொரு புதுத் துளிரின் நுனியிலும் மொட்டு வைத்துக்கொண்டே போகிறது. நம் வெயிலில் எட்வர்ட் நிற்பதும் பூப்பதும் இந்தச் சீன ரத்தத்தால்தான்.

இருமுறை பூக்கும் அந்த வகையை விட்டால், அசல் டமாஸ்க் அப்படியல்ல. கன்னோஜ் அத்தருக்கும் பல்கேரியாவின் கசான்லக் எண்ணெய்க்கும் போகிற ரோஜா அது. வசந்தத்தில் ஒரே ஒரு முறை, நாலைந்து வாரம் பூக்கும். அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ வைத்தால் இலையும் முள்ளுமாகப் புதர் போல வளர்ந்து நிற்கும், பூவுக்குக் காத்திருந்து கண் பூத்துப்போகும். இணையத்தில் 'ஒரிஜினல் டமாஸ்க்' என்று விலை ஏற்றி விற்கிறார்களே என்று சமவெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். கொடைக்கானல், ஊட்டியில் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

இலையடியைத் திருப்பிப் பாருங்கள்

நர்சரியில் பூவைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பூவின் அளவும் நிறமும் வெயிலுக்கும் மாதத்துக்கும் தக்கபடி மாறும். மார்கழியில் அடர் பிங்க்காக இரண்டரை அங்குலத்துக்குப் பூப்பது சித்திரையில் வெளுத்து, இதழ் குறைந்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக நிற்கும். இலையும் முள்ளும் காம்பும் அவ்வளவு மாறுவதில்லை.

எட்வர்டின் கூட்டிலையில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், சில இலைகளில் ஏழு. டமாஸ்க் இலை போல வெளிறிய, சொரசொரப்பான, அடியில் மெல்லிய ரோமம் படர்ந்த இலை இல்லை. சீன ரோஜா இலை போலக் கண்ணாடி வழவழப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும். துளிர் செம்பழுப்பு சாயலோடு வந்து பிறகு பச்சையாகும். முட்கள் வளைந்தவை, ஆனால் தண்டில் நெருக்கி அடைந்திருக்காது. அசல் டமாஸ்கில் பெரிய கொக்கி முள்ளும் குட்டி ஊசி முள்ளும் கலந்து தண்டை மூடியிருக்கும், கை வைக்க இடம் இருக்காது.

மொட்டைப் பாருங்கள். எட்வர்ட் மொட்டு குட்டையாக, உருண்டையாக இருக்கும். பூ விரிந்தால் கிண்ணம் போலத் தொடங்கிக் கிட்டத்தட்டத் தட்டையாகும். நடுவில் குட்டி இதழ்கள் கசக்கி வைத்த மாதிரி மடிந்து கிடக்கும். ஒரே கிளை நுனியில் இரண்டு மூன்றிலிருந்து ஏழு வரை மொட்டுகள் கொத்தாக வரும். நீளமான கூர்மொட்டு, நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, நடுப்பகுதி உயர்ந்து சுருள் சுருளாக விரிவது என்றால் அது ஹைபிரிட் டீ ரகம். பிங்க்காக இருக்கலாம், அழகாகவும் இருக்கலாம். சிலவற்றுக்கு நல்ல வாசமும் உண்டு. ஆனால் பன்னீர் ரோஜா அல்ல.

அடிக்கடி ஏமாற்றுவது 'ஓல்ட் பிளஷ்' வகைச் சீன ரோஜா. வெளிர் பிங்க், கொத்துக் கொத்தாக, ஓயாமல் பூக்கும். பூக்காரர் கணக்கில் அதுவும் பன்னீர் ரோஸ்தான். இலை வழுவழுப்பு, சிற்றிலை மூன்றும் ஐந்தும், முள் சொற்பம், பூ தளர்வாக இருக்கும், இரண்டாம் நாளே கலைந்து கொட்டும். மணம் மிக லேசு. செடியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, நோயும் குறைவு. குல்கந்துக்கு மட்டும் உதவாது. ஆந்திரா ரோஸ் என்று விற்கும் அடர் சிவப்பைப் பிங்க்கோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், அதை விட்டுவிடலாம்.

இனி அந்த இலையடி விஷயம். ரோஜா இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு செதில் இருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். விரல் நகத்தால் இலையைச் சற்று விலக்கினால் தெரியும். எட்வர்டிலும் ஹைபிரிட் டீயிலும் இந்தச் செதிலின் விளிம்பு கிட்டத்தட்ட நேராக இருக்கும். சீப்புப் பல் போல, குஞ்சம் போலக் கிழிந்திருந்தால், அது மல்டிஃப்ளோரா என்ற காட்டு வேர்க்கட்டை (ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் செடி) அல்லது அதன் வாரிசு. சிற்றிலையும் ஏழு, ஒன்பது என்று போகும். அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள்தான் கொத்தாக வரும். ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து இந்தக் கிளை வந்தால் வெட்டக் கூடாது. மண்ணை விலக்கி, பிறந்த இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அடியில் இருக்கும் கண்களில் இருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும்.

வேடிக்கை என்னவென்றால், எட்வர்ட் ரோஜாவையே நம் நாட்டில் பல இடங்களில் வேர்க்கட்டையாக வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய மஞ்சள் ரோஜா மேலே காய்ந்துபோய், அடியிலிருந்து பிங்க் பூ வந்து 'செடி நிறம் மாறிவிட்டது' என்று சொல்லும் வீடுகளில் பாதி இந்த வகை. நிறம் மாறவில்லை, மேல்பாகம் செத்து வேர்க்கட்டை பூத்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறியாதீர்கள். தேடிப் போனாலும் கிடைக்காத பன்னீர் ரோஜா சும்மா கிடைத்திருக்கிறது.

முகர்ந்து பார்க்க ஒரு நேரம் உண்டு

ரோஜா மணத்தின் பெரும்பகுதி இதழின் மேல்தோலில் உற்பத்தியாகி, உடனுக்குடன் காற்றில் போய்விடும். மதியம் மூன்று மணிக்குத் தார்ச்சாலை ஓர நர்சரியில் நின்று முகர்ந்து, வாசமில்லை என்று ஒதுக்குவது நியாயமில்லை. காலை எட்டு மணிக்குள் போங்கள். பாதி விரிந்த பூவாகப் பாருங்கள். மொட்டில் மணம் வந்திருக்காது, முழுக்க விரிந்து மகரந்தம் கறுத்ததில் தீர்ந்திருக்கும். பூவை உள்ளங்கையில் குவித்துப் பிடித்து, வாயால் ஒரு தடவை வெதுவெதுப்பாக ஊதிவிட்டு மூக்கை வையுங்கள். சூட்டில் மணம் எழும்பும். நாலைந்து பூவுக்கு மேல் மூக்கு மரத்துவிடும், கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டு வர வேண்டும்.

எந்த மணம் என்பதும் முக்கியம். பன்னீர் ரோஜாவில் இனிப்பும் லேசான கிராம்புச் சாயலும் கலந்த, கனமான ரோஜா மணம் இருக்கும். பன்னீர்ச் செம்பில் வருவது இதன் நெருங்கிய உறவு. பினைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் தண்ணீரில் கரையும், அதனால் வடித்த பன்னீரில் அது தூக்கலாக இருக்கும். சிட்ரோனெலால், ஜெரானியால் போன்றவை எண்ணெயோடு போகும். தேயிலை, எலுமிச்சை, பச்சை ஆப்பிள் போல மணந்தால் அது நவீன ரகம். சந்தேகம் தீராவிட்டால் நாலு இதழைக் காகிதத்தில் மடித்து நிழலில் மூன்று நாள் வையுங்கள். எட்வர்ட் இதழ் காய்ந்த பிறகும் மணக்கும். வாசம் குறைந்த ரகங்கள் வைக்கோல் வாசம்தான் அடிக்கும்.

மண், தொட்டி, தண்ணீர்

எட்வர்ட் ஆளுயரத்துக்குப் போகிற புதர். நிலத்தில் வைப்பதானால் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி, செடிக்குச் செடி ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர், குழிக்குப் பத்துக் கிலோ மட்கிய தொழு உரம். மாடியில் வைப்பதானால் 14 அங்குலத்துக்குக் குறைந்த தொட்டி வேண்டாம், 16 என்றால் நிம்மதி. கறுப்பு நிற வளர்ப்புப் பையை மொட்டை மாடித் தரையில் நேராக வைத்தால் மே மாதத்தில் வேர் வெந்துவிடும். அடியில் இரண்டு செங்கல், மேற்குப் பக்கம் ஒரு பழைய சாக்கு மறைப்பு, அது போதும்.

மண் கலவையில் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ ஒரு வருஷம் மட்கிய சாணமோ ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த தண்ணீரை இரண்டு முறையாவது கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தக் காபி நிறத் தண்ணீரில் உப்பு இருக்கும், இளவேரைச் சுட்டுவிடும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், அதோடு வண்டுப் புழுவும் சேர்ந்து வரும்.

ரோஜாவுக்குப் பலரும் போடும் எலும்புத் தூளையும் முட்டை ஓட்டையும் பற்றி ஒரு வார்த்தை. எலும்புத் தூளில் இருக்கும் மணிச்சத்து அமில மண்ணில்தான் கரைந்து வேருக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் மண்ணும் போர்வெல் தண்ணீரும் காரம். அங்கே அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். முட்டை ஓடு இருக்கிற சுண்ணாம்போடு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ரோஜாவுக்கு வேண்டியது 6-லிருந்து 6.5 வரையான கார அமில நிலை. நாம் எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் காரத்தின் விளைவைத்தான் பலரும் 'இலை மஞ்சளாகிறது' என்று கேட்கிறார்கள். எந்த இலை என்று பாருங்கள். நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தில் பூட்டிக்கொண்டு கிடக்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் இரண்டே நாளில் பூட்டிக்கொள்ளும். கடையில் இரும்புச் செலேட் (இரும்பு எளிதில் பூட்டிக்கொள்ளாதபடி செய்த உரம்) கேட்டால் இ.டி.டி.ஏ. வகையை எடுத்துக் கொடுப்பார்கள், கார மண்ணில் அது நிற்காது. இ.டி.டி.எச்.ஏ. என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள், கருஞ்சிவப்புப் பொடியாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்து மாலையில் வேரில் ஊற்றினால் அடுத்த துளிர் பச்சையாக வரும். அடியிலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் இது காரணமில்லை. தண்ணீர் தேங்குகிறதா, தொட்டியின் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இலை விளிம்பு மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் உப்பு. மாதம் ஒருமுறை ஒரு குடம் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் ஓடவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட மருந்து இல்லை.

தண்ணீர் காலையில், தூரில். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும். வெயில் காலத்தில் 14 அங்குலத் தொட்டிக்குத் தினம் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆகும். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும், கிழக்கு வெயிலாக இருந்தால் உத்தமம். ஏப்ரல், மே இரண்டு மாதம் உச்சிவெயிலுக்குப் பச்சை வலை கட்டினால் இதழ் கருகாது. அந்தச் சமயத்தில் பூ சிறுத்து மணம் குறைவது இயல்பு. பயந்துபோய் உரத்தைக் கொட்டாதீர்கள்.

உரத்துக்கு மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். இதைவிட அடிக்கடி கொடுத்தால் தழைச்சத்து ஏறி, கையகல இலையும் கொழுத்த தண்டுமாக வரும். மொட்டு வராது, பூச்சிதான் விருந்துக்கு வரும்.

வெட்டுவதைவிட வளைப்பது

கவாத்து செய்முறை என்று கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஹைபிரிட் டீக்கு எழுதியது. முழங்கால் உயரத்துக்கு மொட்டையடிக்கச் சொல்வார்கள். எட்வர்டுக்கு அது ஒத்துவராது, ஒரு பருவப் பூ போய்விடும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது, மூன்று வருஷத்துக்கு மேலான தடித்த சாம்பல் நிறத் தண்டு ஆகியவற்றை அடியோடு எடுத்துவிட்டு, மீதியை மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி குறைத்தால் போதும். வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள்.

காலம்தான் சிக்கல். அக்டோபரில் வெட்டச் சொல்வது வழக்கம். உள் மாவட்டங்களில் மழைக்கு நடுவே வெயில் கிடைத்தால் செய்யலாம். கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வெட்டினால் ஒவ்வொரு வெட்டு வாயும், தண்டு நுனியிலிருந்து கறுத்துக் காயும் நுனிக்கருகல் நோய்க்கு வாசல். அங்கே மழை ஓய்ந்து டிசம்பர் பாதிக்கு மேல் வெட்டுவது நல்லது. வெட்டு வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவ வேண்டும். சுமார் 45 நாளில் பூ வரும். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்பவர்கள் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

நுனிக்கருகல் வந்துவிட்டால் கறுப்பு முடியும் இடத்தில் வெட்டி ஏமாறாதீர்கள். வெட்டிய வாயைப் பாருங்கள். நடுச்சோற்றில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது. வெள்ளை அல்லது இளம்பச்சைச் சோறு தெரியும் வரை இரண்டிரண்டு அங்குலமாக இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

எட்வர்டின் தனிச் சாமர்த்தியம் வளைப்பதில் இருக்கிறது. நாலைந்து அடிக்கு நீண்டு வரும் தண்டை வெட்டாமல், மெதுவாக வளைத்துக் கிட்டத்தட்டப் படுக்கையாகக் கைப்பிடிக் கம்பியில் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது நுனி மொட்டு கீழே உள்ள கண்களை அடக்கி வைத்திருக்கும். படுக்கையில் அந்த அடக்குமுறை தளர்ந்து, தண்டு நெடுக ஒவ்வொரு கணுவிலும் குட்டைக் கிளை எழும்பி ஒவ்வொன்றிலும் கொத்து வைக்கும். நிமிர்ந்த தண்டில் ஒரு கொத்து, வளைத்த தண்டில் எட்டு பத்து. காலையில் தண்ணீர் விட்டு, தண்டு விறைப்பாக இருக்கும்போது வளைத்தால் முறியும். முந்தின நாள் தண்ணீரைக் குறைத்து, மதியத்துக்கு மேல் கொஞ்சம் துவண்டிருக்கும்போது இரண்டு மூன்று நாளில் படிப்படியாக இறக்குங்கள். சணல் கயிறு போதும், கம்பி தண்டை அறுக்கும்.

பூச்சி, நோய்

எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. சமவெளியில் ரோஜாவைக் கொல்வது முக்கியமாகச் செம்பேன். மார்ச்சில் தொடங்கும். இலை மேல் ஊசியால் குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள், பிறகு வெண்கல நிறம், பிறகு உதிர்வு. வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் நகரும் தூசியாகத் தெரியும். இதற்குக் கண்ட பூச்சிமருந்தை அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், பேன் இரட்டிப்பாகும். அது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் இனம். மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், நாலைந்து தடவையில் அடங்கும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது.

இதழ் ஓரம் பழுப்பாகி மொட்டு கோணலாகத் திறந்தால் இலைப்பேன். அந்த மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயையும் 2 மில்லி சோப்புத் திரவத்தையும் பாலாகும் வரை குழைத்து, அப்புறம் தண்ணீர். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதக்கும், கடைசியில் வருவது வெறும் எண்ணெயாகி இலை கருகும்.

மழைக்காலத்துக் கரும்புள்ளி நோய்க்கு இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே போதும். விழுந்த இலையைப் பொறுக்கி எடுப்பதுதான் பாதி வைத்தியம். இலையில் கத்தரி போட்ட மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக வெட்டியிருந்தால் கூடு கட்டும் தேனீ. கூட்டுக்கு மெத்தை எடுத்துப் போகிறது, விட்டுவிடுங்கள்.

குல்கந்துக்கும் பூஜைக்கும் பறிக்கிற செடியில் ஊடுருவிப் பாயும் மருந்துகளை அடிக்கவே கூடாது, கழுவினாலும் போகாது. கடைத்தெரு உதிரி ரோஜாவில் குல்கந்து போடுவது இதனால்தான் எனக்குச் சம்மதமில்லை.

போத்து நட்டுப் பெருக்க

எட்வர்டின் இன்னொரு வசதி, போத்தில் (வெட்டி நடும் கிளைத்துண்டில்) எளிதாக வேர் பிடிக்கும். ஹைபிரிட் டீ போத்து பிழைத்தாலும் பலவீனமாகவே நிற்கும். இதற்கு ஒட்டே தேவையில்லை, சொந்த வேரில் நன்றாக வாழும். ஒட்டில்லாத செடியில் அடியிலிருந்து எந்தக் கிளை வந்தாலும் அது பன்னீர் ரோஜாதான்.

பூ உதிர்ந்து ஒரு வாரம் ஆன கிளையை எடுங்கள். முற்றல் சரியா என்று பார்க்க, கட்டைவிரலால் ஒரு முள்ளைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 'டக்' என்று சுத்தமாக ஒடிந்து, அடியில் ஈரப்பச்சைத் தழும்பு தெரிந்தால் சரியான பதம். வளைந்து கிழிந்தால் இளசு, ஒடியவே மறுத்தால் முற்றிவிட்டது. பென்சில் கனம், ஆறு முதல் எட்டு அங்குல நீளம், நாலு கணு. அடி வெட்டு கணுவுக்குச் சற்றே கீழே. மேலே இரண்டு சிற்றிலை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டு, வேர்ப்பொடி தொட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி நார்க்கழிவும் ஆற்றுமணலும் சரிபாதி கலந்ததில் நடுங்கள். மேலே அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து வையுங்கள். வெளிச்சமான நிழல். மழை மாதங்களில் செய்தால் பிழைப்பது அதிகம். மே மாதத்தில் செய்தால் பாட்டிலுக்குள் அவிந்துவிடும்.

பதினைந்து நாளில் துளிர் வரும். பெரும்பாலான போத்துகள் அதற்குப் பிறகுதான் சாகின்றன. அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தில் வருவது, அடியில் வேர் ஒன்றும் இருக்காது. பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் பெயர்த்து நட்டால் நாலாம் நாள் கறுத்துவிடும். இன்னொரு கூட்டம், வேர் வந்ததா என்று தினம் ஆட்டிப் பார்த்தே வந்த வேரையும் அறுத்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில், அடியில் துளை போட்டு, வெளியே கறுப்புத் தாள் சுற்றி நட்டால் இந்த அவஸ்தை இல்லை. தாளைக் கழற்றிப் பார்க்கலாம். நாலிலிருந்து ஆறு வாரத்தில் வெள்ளை வேர் சுவரில் மோதித் திரும்புவது தெரியும். அது பழுப்பேறி இரண்டாவது சுற்று ஓடும்போது மண் கட்டி கலையாமல் ஆறு அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு மொட்டைக் கிள்ளிவிடுங்கள். எந்தத் தாய்ச்செடியில் எடுத்தது என்று டம்ளர் மேல் பேனாவால் எழுதி வைக்க மறக்க வேண்டாம். பூக்காத வரைக்கும் எல்லாப் போத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும்.